கார்டு போனது, இனிப்புநீர் போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மலேசியாவில் முதலாளிகள் எல்லாரும் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டால் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கூட்டம் குறைந்துவிடும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்கு இன்னும் 60 வயது ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 36 வருஷம் வேலை செய்தேன். கம்பெனி எடுத்த காப்புறுதியின் மெடிக்கல் கார்டு இருந்தது. காய்ச்சல் என்றால் கம்பெனி ஏற்பாடு செய்த பேனல் கிளினிக், பெரிதாக ஏதாவது என்றால் தனியார் ஆஸ்பத்திரி. நானும் ராஜா மாதிரிதான் போய் வந்தேன். ஓய்வு பெற்ற அன்று கம்பெனி அடையாள அட்டையோடு அந்தக் கார்டையும் வாங்கிக்கொண்டார்கள். இனிப்புநீரும் (சர்க்கரை நோய்) பிரஷரும் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தன. சொந்தமாகக் காப்புறுதி எடுக்கலாம் என்று ஏஜெண்டைக் கூப்பிட்டேன். வந்த ஏஜெண்ட் தம்பி என் வயதைக் கேட்டார், மாத்திரைகளைப் பார்த்தார், தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அப்புறம் வரவேயில்லை.

இதை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் அப்பா கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். தோட்டத்திலேயே சின்ன ஆஸ்பத்திரி, மருந்து கொடுக்க ஒரு டிரஸ்ஸர் ஐயா. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே பாட்டில் மருந்துதான் என்று பெரியவர்கள் கேலி பேசுவார்கள். ஆனாலும் இருந்தது. தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பது தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே சொன்னது. பிறகு தோட்டத்தை விற்றார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொன்ன அதே மாதம் ஆஸ்பத்திரிக் கதவும் பூட்டப்பட்டது. வேலை, வீடு, மருந்து மூன்றும் ஒருவர் கையில் இருந்ததால் மூன்றும் ஒன்றாகவே போயின.

வேலையில் இருக்கும்போதாவது கார்டு நிம்மதி தந்ததா? கடைசி சில வருஷங்களில் பிரிமியம் ஏறிவிட்டது என்று பேனல் கிளினிக் செலவுக்கு வரம்பு வைத்தார்கள். அடுத்து மனைவி பிள்ளைகளுக்கான பங்கைச் சம்பளத்தில் பிடித்தார்கள். சம்பள உயர்வு கேட்டால், 'உங்கள் மருத்துவத்துக்கே எவ்வளவு போகிறது தெரியுமா' என்பார்கள். கம்பெனி சும்மா கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது நம் சம்பளம்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

தனியார் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் முதல் கேள்வி 'என்ன செய்கிறது' என்பதல்ல, 'கார்டு இருக்கிறதா' என்பதுதான். இருக்கிறது என்றால் டெஸ்டுகளும் கூடுகின்றன. 2021 முதல் 2023 வரை மருத்துவக் காப்புறுதிக் கோரிக்கைச் செலவு 56 விழுக்காடு ஏறியதாக மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னது. பிரிமிய உயர்வைக் குறைந்தது 3 வருஷத்துக்குப் பிரித்துப் போடச் சொல்லி 2024 டிசம்பரில் கட்டளையிடவும் வேண்டியிருந்தது. உயர்வு நிற்கவில்லை, தவணையாக வருகிறது, அவ்வளவுதான்.

சரி, அரசாங்க கிளினிக்கில் வரிசை இல்லையா? இருக்கிறது. காலை 7 மணிக்குப் போனால் மருந்து கைக்கு வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம். ஆனால் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான், நிபுணரிடம் போனால் 5 வெள்ளி. என் இனிப்புநீரைப் பார்த்து யாரும் எழுந்து போகவில்லை.

அந்த வரிசை நீள்வதற்கு நோயாளிகள் மட்டுமா காரணம்? 2021 ஜூலை 26 அன்று அரசாங்க ஆஸ்பத்திரிகளின் ஒப்பந்த மருத்துவர்கள் கருப்பு உடையில் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்களே, அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? நிரந்தர வேலை கிடைக்காத பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் தனியாருக்கும் போகத்தான் செய்வார்கள். நாளைக்கு எல்லார் கையிலும் கார்டு வந்தால் தனியார் ஆஸ்பத்திரிகள் இன்னும் கட்டடம் எழுப்பும். அங்கே வேலை செய்ய டாக்டர்களும் தாதிகளும் எங்கிருந்து வருவார்கள்? அரசாங்கப் பெரியாஸ்பத்திரியிலிருந்துதான். வரிசை குறையாது, வரிசையின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் குறைவார்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 வாக்கில் எல்லாரிடமும் பணம் பிடித்து மருத்துவம் தரும் 'ஒன் கேர்' திட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது, 'இன்னொரு பிடித்தமா?' என்று சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் திட்டம் சரியானது என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குப் பிடிப்பதுபோல முதலாளியிடமும் தொழிலாளியிடமும் பிடித்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கே போகும் ஒரு பொது நிதி என்றால் இன்றைக்கு மறுக்கமாட்டேன். வேலை போனாலும் ஆஸ்பத்திரி அங்கேயே இருக்குமே.

அதுவரை ஒன்றாவது செய்யட்டும். ஓய்வு பெறுபவர் விரும்பினால், புதிதாக உடல் பரிசோதனை கேட்காமல், அதே காப்புறுதியைத் தன் காசில் தொடரக் கம்பெனிகள் வழி செய்ய வேண்டும்.

என் தம்பிக்கு அடுத்த வருஷம் 60. அவனும் தொழிற்சாலைதான், அவனிடமும் கார்டு இருக்கிறது. இப்போதே அரசாங்க கிளினிக்கில் பெயரைப் பதிந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு