தோற்ற முயற்சிகளையும் கணக்கில் வையுங்கள்

மதிப்புக்குரிய விளையாட்டு வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். சென்னை பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக உங்கள் ஆன்லைன் விளையாட்டின் சர்வரில் இருக்கிறேன். போன வாரப் பேட்ச்சில் (விளையாட்டுக்கு வந்த புதுப்பிப்பில்) என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். கியரை, அதாவது கவசம், ஆயுதங்களை, 15-ஆம் படிக்கு மேல் ஏற்றப்போய்த் தோற்றால், அதற்குப் போட்ட கற்கள் போவது மட்டுமில்லை, இனி இரண்டு படி இறங்கவும் செய்யும்.

எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், ஓர் அண்ணன். திருவல்லிக்கேணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இரவு 10 மணிக்கு ஷட்டரை இறக்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஐரோப்பிய சர்வர் என்பதால், அங்கே இரவு 8 மணிக்கு ரெய்டு (குழுவாகப் போடும் பெரிய சண்டை) என்றால் டிசம்பரில் எங்களுக்கு நள்ளிரவு 12.30. அப்படித் தூக்கம் கெட்டு மூன்று மாதம் அவர் சேர்த்த கற்கள் இரண்டு முயற்சிக்குத்தான் வந்தன. ஞாயிறு இரவு நாங்கள் எல்லோரும் வாய்ஸ் சாட்டில் இருக்கும்போதே கற்களைப் போட்டார். 17-இல் இருந்த மார்புக் கவசம் 15 ஆனது. அடுத்ததில் 13. யாருக்கும் பேச்சு வரவில்லை. "சரி தம்பி, காலைல கடை திறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அவர் உள்ளே வரவே இல்லை.

படி ஏற 10 சதவீத வாய்ப்பு என்று திரையில் போடுகிறீர்கள். பத்து முறை முயன்றால் ஒன்றாவது கிடைத்துவிடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். 20 முறை முயன்றாலும் நூற்றில் 12 பேருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. அந்த 12 பேரும் உழைக்காதவர்களா? அவர்களுடைய 21-ஆவது முயற்சிக்கும் அதே 10 சதவீதம்தான் தருகிறீர்கள்.

நாங்கள் கேட்பது இதுதான்: தோற்ற முயற்சி ஒவ்வொன்றும் கணக்கில் ஏற வேண்டும். லாஸ்ட் ஆர்க் என்ற விளையாட்டில் ஹோனிங் (கியரைப் படி ஏற்றுவது) தோற்றால் கியர் படி இறங்குவதில்லை. தோல்வி ஒரு மீட்டரில் சேர்கிறது. அது 100 சதவீதம் நிறைந்ததும் அடுத்த முயற்சி கட்டாயம் வெற்றி. அங்கேயும் கஷ்டம் உண்டு, செலவு உண்டு. ஆனால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஆட்டக்காரருக்குத் தெரியும்.

படி இறங்காமல் காக்கும் சுருளை அதே பேட்ச்சில், அதே நாளில், கடையில் காசுக்கு வைத்தீர்கள். அதுதான் எங்களை மிகவும் நோகடித்தது. பயத்தை உண்டாக்கிவிட்டு அதற்கு மருந்தும் விற்பது நியாயமா? இன்னொரு குறையும் உண்டு. கில்ட் வார்ஸ் 2 என்ற விளையாட்டில் 2012 நவம்பரில் வந்த அசென்டட் என்ற உயர்ரக கியரின் வலிமை எண்களைத் தாண்டி இன்றுவரை எதுவும் வரவில்லை. அன்று உழைத்துச் செய்தவர் இன்றும் அதைப் போட்டுக்கொண்டு ரெய்டுக்குப் போகலாம். உங்களிடம் மூன்று மாதத்துக்கு ஒரு சீசன், ஒவ்வொன்றிலும் பழைய கியர் குப்பை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். சுருள், சீசன் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் தோல்வியைக் கணக்கில் ஏற்றுங்கள், படி இறக்குவதை நிறுத்துங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பேட்ச் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் போதும், அன்றைக்கே அந்த அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டக்காரன் ஒருவன்
பெரம்பூர், சென்னை