அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய். ஆனாலும் மாடிப்படியைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடு. இங்கே பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் எதையும் கீழே வைக்க முடியவில்லை. அம்மாவின் வருஷத் திதியை ஊரிலேயே முடித்தோம். கடைசி நாட்களில் அவள் “நான் மெட்ராஸுக்கே வந்துடட்டுமா” என்று கேட்டதும், வீட்டு வேலை முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டதும் உனக்கு மட்டும்தான் தெரியும். அது இன்னும் உள்ளே கிடக்கிறது.

என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். இரண்டு மாதமாக ஒரே ஆள்தான்: சோவியத் எழுத்தாளர் வாசிலி கிராஸ்மன். கல்லூரியில் மாஸ்கோ பதிப்பகப் புத்தகங்களை மூன்று ரூபாய்க்கும் நாலு ரூபாய்க்கும் வாங்கி மாற்றி மாற்றிப் படித்தோமே, அப்போது இவர் பெயரை நாம் கேள்விப்பட்டதே இல்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

1905இல் உக்ரைனின் பெர்டிச்சேவ் ஊரில் பிறந்த யூதர். வேதியியல் படித்து, தொன்பாஸ் நிலக்கரிச் சுரங்கத்திலும் மாஸ்கோவில் ஒரு பென்சில் ஆலையிலும் வேலை பார்த்தார். 1934இல் வந்த ஒரு சிறுகதை கார்க்கிக்குப் பிடித்துப்போக, முழுநேர எழுத்தாளர் ஆனார். தன்னை யூதர் என்று அவர் அதிகம் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. வீட்டில் பேசியது ரஷ்ய மொழி, அம்மா யெகாடெரினா பிரெஞ்சு ஆசிரியை.

1941 ஜூன் 22இல் ஜெர்மானியப் படை உள்ளே நுழைந்தது. அம்மா பெர்டிச்சேவில் இருந்தாள். மாஸ்கோவுக்குக் கூட்டிவந்துவிடலாம் என்று கிராஸ்மன் நினைத்தார். வீட்டில் இடம் போதாது என்றார் மனைவி. அவரும் வற்புறுத்தவில்லை. இரண்டே வாரத்தில் ஊர் விழுந்துவிட்டது. செப்டம்பர் 15 அன்று, ஒரே நாளில், பல ஆயிரம் யூதர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குழி ஓரத்தில் நிறுத்திச் சுட்டார்கள். அதில் அவளும் ஒருத்தி. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன், சேகர்.

கண்ணாடி போட்ட, பருத்த உடம்புக்காரர். ராணுவத்துக்கு லாயக்கில்லாதவர். ஆனாலும் ராணுவ நாளிதழான ‘கிராஸ்நயா ஸ்வெஸ்தா’வின் நிருபராகப் போர்முனைக்குப் போய்விட்டார். ஸ்டாலின்கிராடில் மாதக்கணக்கில் வீரர்களோடு கிடந்தார். சிப்பாய்களோடு பேசும்போது குறிப்புப் புத்தகத்தை எடுக்கமாட்டாராம், கேட்டதை மனதில் வாங்கிக்கொண்டு பிறகுதான் எழுதுவார். 1944இல் நாஜிகளின் ட்ரெப்ளிங்கா கொலை முகாம் இருந்த இடத்துக்குப் போய் அவர் எழுதிய கட்டுரை, போர்க் குற்றங்களுக்காக நடந்த நியூரம்பர்க் விசாரணையில் பயன்பட்டது. அங்கே கொல்லப்பட்டவர்கள் என்று அவர் கணக்கிட்ட எண்ணிக்கை உண்மையைவிட அதிகம் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த மண் எலும்புத் துண்டுகளை மேலே தள்ளிக்கொண்டிருந்ததை அவர் எழுதியிருப்பதை இன்றும் தாண்டிப் போக முடியவில்லை. யூதப் படுகொலைச் சாட்சியங்களை எழுத்தாளர் இல்யா எரன்பர்க்கோடு சேர்ந்து ஒரு நூலாகத் தொகுத்தார். அரசு அதை வெளிவர விடவில்லை.

அவர் அப்பழுக்கற்றவர் என்று சொல்லமாட்டேன். 1953 தொடக்கத்தில், பெரும்பாலும் யூதர்களான மருத்துவர்கள் மேல் ஸ்டாலின் அரசு பொய்ப்பழி சுமத்தியபோது, அவர்களைத் தண்டிக்கச் சொல்லும் கடிதத்தில் இவரும் கையெழுத்துப் போட்டார். அந்தக் குற்றத்தை மறைக்காமல் தன் ‘வாழ்வும் விதியும்’ நாவலின் நாயகன் விக்டருக்கே கொடுத்துவிட்டார். அதனாலேயே எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

அந்த நாவலில் விக்டருக்கு அவன் அம்மா எழுதும் கடிதம் ஒரு முழு அத்தியாயம். அவள் கண் மருத்துவர். யூதர்களை அடைக்கும் பகுதிக்குப் போகும்போது தலையணை, மகன் கொடுத்த கோப்பை, இரண்டு தட்டு, அவன் கடிதங்கள், ஒரு புஷ்கின், கொஞ்சம் செகாவ் எடுத்துக்கொண்டு போகிறாள். சாவு வரப்போவது தெரிந்தும் ஒரு பையனுக்கு பிரெஞ்சு சொல்லித் தருகிறாள். கிராஸ்மனுக்கு அம்மாவிடமிருந்து அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை. வராததை அவரே எழுதிக்கொண்டார்.

1961 பிப்ரவரியில் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.யின் ஆட்கள் வீட்டுக்கு வந்து அந்த நாவலின் கையெழுத்துப்படி, கார்பன் தாள், தட்டச்சு ரிப்பன் வரை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். என்னை வெளியே விட்டுவிட்டு என் புத்தகத்தைச் சிறை வைத்திருக்கிறீர்கள், அதற்கு விடுதலை கொடுங்கள் என்று அப்போதைய சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு எழுதினார். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு இதை வெளியிட முடியாது என்று பதில் சொன்னவர் கட்சித் தலைவர்களில் ஒருவரான சுஸ்லோவ். 1964இல் வயிற்றுப் புற்றுநோயில் கிராஸ்மன் இறந்தார். நண்பர் லிப்கின் ஒளித்துவைத்திருந்த ஒரு படி, இயற்பியலாளர் சகாரோவ் போன்றவர்களின் உதவியால் மைக்ரோஃபிலிமாகி நாட்டைத் தாண்டிப்போய், 1980இல் சுவிட்சர்லாந்தில் அச்சானது. சோவியத் மண்ணில் வெளிவர 1988 ஆனது.

அவர் இறந்த பிறகு ஒரு உறை கிடைத்தது. உள்ளே அம்மாவுக்கு அவர் எழுதிய இரண்டு கடிதங்கள். ஒன்று 1950இல், அவள் செத்து ஒன்பதாம் வருஷம் எழுதியது. அதில் ஒரு கனவு வருகிறது: போர்முனையில் இருந்தபோது, அவள் அறையில் காலி நாற்காலியையும், காலுக்குப் போர்த்திக்கொள்ளும் சால்வை அதில் தொங்குவதையும் கண்டு, விழித்ததும் அவள் இல்லை என்று தெரிந்துகொண்டாராம். மற்றது இருபதாம் வருஷம் எழுதியது. நான் இருக்கும்வரை நீயும் இருக்கிறாய், எனக்குப் பிறகு உனக்குக் காணிக்கையாக்கிய புத்தகத்தில் இருப்பாய் என்கிறார். தேதியைப் பார்த்தேன். 1961 செப்டம்பர். புத்தகத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு நானும் ஒருநாள் ராத்திரி அம்மாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

சரி, புத்தகத்தை உனக்கு பார்சலில் அனுப்புகிறேன். ராபர்ட் சாண்ட்லரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, தலையணை கனம். பெயர்கள் முதலில் குழப்பும், தாளில் எழுதிவைத்துக்கொள். முதல் பாகத்தின் பதினெட்டாவது அத்தியாயத்தை மட்டும் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

அன்புடன்,
ராமு