‘பெர்செர்க்’ படிக்க விரும்புவோருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

படக்கதை என்றாலே சிறுவர்களுக்கு என்று எண்ணி இருண்ட மாங்காக்களை (ஜப்பானியப் படக்கதைகளை) வாங்கித் தருகிறார்கள். கென்டாரோ மியுராவின் ‘பெர்செர்க்’ வெளிவரும் ‘யங் அனிமல்’ பெரியவர்களுக்கான இதழ். பாலியல் வன்கொடுமைக் காட்சிகளும் ‘பெர்செர்க்’கில் உண்டு. பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

பெரியவர்கள் அவசியம் படிக்கவேண்டும். இக்கதையைத் தழுவிய 1997 அனிமேயின் (ஜப்பானிய அசைவூட்டத் தொடரின்) 25 பகுதிகளும் அருமைதான். ஆனால் அதில் குட்டித் தேவதையான பக் இல்லை, மர்மமான மண்டையோட்டு வீரன் இல்லை. ‘கிரகணம்’ என்னும் பேரழிவுக் காட்சியோடு கதை பாதியில் அறுந்துபோகும். அதைப் பார்த்துவிட்டு மாங்காவின் 14ஆம் தொகுதிக்குத் தாவினால் குழப்பமே மிஞ்சும். முதல் தொகுதியிலிருந்து, வலமிருந்து இடமாகப் படியுங்கள்.

2016 அனிமே தொடரோ ரோசீன் என்ற பாத்திரம் வரும் பகுதியையே விட்டுவிட்டது. விறைத்த கணினி உருவங்கள் மியுராவின் நுணுக்கமான கோடுகளுக்குச் செய்த அநீதி. 2021இல் அவர் மறைந்தாலும், நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் 2022 முதல் கதை தொடர்கிறது.

– ஒரு வாசகர்