ரீடிங்கை முன்கூட்டிச் சொல்லாதே, மக்களே

நாகர்கோவில்

அன்பு மக்களே,

அப்பாவும் நானும் சுகம். இங்கே சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது. கிருஷ்ணகிரிச் சாப்பாடு உனக்குப் பிடித்துவிட்டதா?

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் டைட்ரேஷன் தொடங்கியதையும், பாதிப் பேருக்குக் குடுவை பழுப்பாய்க் கலங்கிப்போனதையும் எழுதியிருந்தாய். பெரும்பாலும் ஆசிட் குறைந்திருக்கும். போதுமான ஆசிட் இருந்தால் பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரானை வாங்கி, நிறமே தெரியாத மாங்கனஸ் உப்பாகும். குறைந்தால் மூன்றோடு நின்று, மாங்கனீஸ் டையாக்சைடாகக் கலங்கும். நீர்த்த கந்தக அமிலம் மட்டும்தான் ஊற்ற வேண்டும். ஹைட்ரோகுளோரிக்கின் குளோரைடு பெர்மாங்கனேட்டைத் தின்றுவிடும், செலவான அளவைக் காட்டும் ரீடிங் ஏறும். நைட்ரிக் தானே ஆக்சிஜனேற்றி. அதனால் ரீடிங் குறையும்.

ஆக்சாலிக் அமிலம் என்றால் 60-70 டிகிரிக்குச் சூடாக்கச் சொல், கொதிக்க விடாதே. முதல் சொட்டுகளில் இளஞ்சிவப்பு போகாமல் நிற்கும். அதையே வினை முடிந்த முடிவுநிலை என்று நினைத்துப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். குடுவையைப் பைய ஆட்டிக்கொண்டே காத்திருக்கட்டும். கொஞ்சம் மாங்கனஸ் உண்டானதும் அதுவே வினையூக்கியாகி, அப்புறம் விழ விழ நிறம் மறையும். ஆக்சாலிக்குக்குப் பதில் மோர் உப்பு, அதாவது ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட், என்றால் சூடாக்கவே கூடாது. காற்றே அதிலுள்ள ஃபெரஸ் இரும்பை ஃபெரிக் இரும்பாக ஆக்கிவிடும். சொட்டுவிடும் பியூரெட் குழாயில் கரைசல் கருஞ்சிவப்பாக இருப்பதால் மேல்விளிம்பைத்தான் பார்த்து எழுத வேண்டும். அளந்து உறிஞ்சும் பிப்பெட்டில் யாரும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள், ரப்பர் பல்ப் வாங்கிவை.

இதெல்லாம் உனக்கும் தெரியும். இத்தனை வருஷம் ஆய்வகத்தில் நின்றவள் என்ற உரிமையில் இன்னொன்று சொல்கிறேன். பரீட்சைப் பயத்தில் 'ரீடிங் இவ்வளவுதான் வரும்' என்று முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். நீ அதைச் செய்யாதே, மக்களே. எண் தெரிந்துவிட்டால் பிள்ளையின் கண் குடுவையை விட்டு நோட்டுக்குப் போய்விடும். வரிசைக்கு வரிசை கொஞ்சம் வேறுபட்ட செறிவில் மோர் உப்புக் கரைசலைக் கொடு. லிட்டருக்கு 39.2 கிராம் போட்டால் 0.1 நார்மல் செறிவு, ஒரு வரிசைக்கு அதைக் கூட்டு, இன்னொன்றுக்குக் குறை. கரைக்கும் தண்ணீரில் முதலில் ஆசிட் விட மறக்காதே. இப்படி வரிசைக்கு வரிசை மாறினால் பக்கத்து மேசையைப் பார்த்து எழுத வழியிருக்காது.

நம் மணவாளக்குறிச்சிக் கருமணலை நினைத்துப் பார். அதிலுள்ள இல்மனைட் கனிமத்தில் டைட்டானியம் எவ்வளவு என்று அறிய, மணலைக் கரைத்து, அலுமினியத்தால் ஒடுக்கி, காற்றுப் படாமல் வைத்து, ஃபெரிக் அம்மோனியம் சல்பேட்டை பியூரெட்டிலிருந்து விடுவார்கள். நிறங்காட்டியாகத் தயோசயனேட் போட்டிருப்பதால் முடிவில் சிவப்பு எழும். அந்த மணலுக்கு விடையை யார் முன்கூட்டிச் சொல்லித் தருவார்? நம் பிள்ளைகள் நாளைக்கு அப்படி ஒரு மேசை முன்னால் நிற்கப் போகிறவர்கள்.

மூன்று ரீடிங்கில் ஒன்று தள்ளி வந்தால் அழித்துத் திருத்த விடாதே. அப்படியே எழுதிவிட்டு இன்னொரு முறை செய்யட்டும். அதற்கு நேரம் போதாது என்று மற்ற ஆசிரியர்கள் சொல்வார்கள். வேறொரு சோதனையைக் குறைத்தாவது நேரம் ஒதுக்கு.

அப்பா இரண்டு பொட்டலம் உப்பு அனுப்புகிறார். ஒன்று சாமித்தோப்பு அளத்து உப்பு, மற்றது கடையில் வாங்கிய அயோடின் உப்பு. எது எதென்று பிள்ளைகளிடம் சொல்லாதே. தண்ணீரில் கரைத்து, ஆசிட் விட்டு, பொட்டாசியம் அயோடைடு போட்டுப் பத்து நிமிஷம் இருட்டில் வைத்தால், அயோடேட் சேர்த்த அந்த அயோடின் உப்பின் கரைசலில் அயோடின் பிரிந்து மஞ்சளாகும். அந்த அயோடினைத் தீர்க்கும் தயோசல்பேட்டை பியூரெட்டிலிருந்து விட்டு, மஞ்சள் வெளிறின பிறகுதான் ஸ்டார்ச் விடவேண்டும். முதலிலேயே விட்டால் நீலம் இறுகிப் பிடித்துக்கொண்டு எளிதில் போகாது. ஸ்டார்ச்சை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்.

அவர்கள் எழுதின ரீடிங்கை, தள்ளி வந்ததையும் சேர்த்து, எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா