உண்மையை எழுதியவர்களுக்கும் சொன்னவர்களுக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில், உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த நான், 2022-ஆம் ஆண்டில் வேலை நேரத்தில் வலக்கையின் மூன்று விரல்களை இழந்தேன். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் மிஷின் இன்னொரு முறை இறங்கியதால் நேர்ந்த விபத்து அது. அதற்கான இழப்பீடு வட்டியோடு இப்போது என் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. இதற்காக நின்றவர்களுக்குத் தனித்தனியே சொன்ன நன்றி போதவில்லை என்பதால், என் மகளைக் கொண்டு ஊரறிய இந்த மடலை எழுதுகிறேன்.

அன்று அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியில் இருந்த இளம் மருத்துவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். என்னை அழைத்து வந்த சூப்பர்வைசர், வீட்டுக் கதவில் கை நசுங்கிவிட்டது என்று சொன்னதை அவர் அப்படியே எழுதிக்கொள்ளவில்லை. சூப்பர்வைசரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா, எப்படி ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார். பட்டறையில் பிரஸ் ஓட்டும்போது ஏற்பட்ட காயம் என்று நான் சொன்னதையே விபத்துப் பதிவேட்டில் எழுதினார். பிற்பாடு விசாரணையில், நான் அந்தப் பட்டறையின் ஆளே இல்லை என்று முதலாளி தரப்பு சாதித்தபோது, எங்கள் பக்கம் முதலில் எடுத்துக் காட்டியது அந்தப் பதிவைத்தான்.

பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை பார்த்த இடம் என்பதால் எங்களுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. கிடையாது. அதனால் எனக்கு எதுவுமே கிடைக்காது என்றுதான் பட்டறையில் சொன்னார்கள். நாற்பதாயிரம் ரூபாயும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று டைப் அடித்த பத்திரமும் வீடு தேடி வந்தன. கையெழுத்துப் போடுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் தோழர், அப்போது நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை எனக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. பெண் தொழிலாளிக்கு மொத்தமாகத் தரும் இழப்பீட்டை, இந்த வழக்குகளை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். அன்றைய அந்தச் சட்டப்படி, விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போட்டாக வேண்டியிருந்தது. இவற்றை எங்களைப் போன்றவர்களுக்கு வேலையில் சேரும் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் திருத்தம் அதை முதலாளியின் கடமையாகவே ஆக்கியிருந்தது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவர் போட்டுக் காட்டிய கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. மாதச் சம்பளம் 12,000 ரூபாய். அதில் 60 விழுக்காடு 7,200. வயதுக்கேற்பப் பெருக்கச் சட்டம் தரும் காரணி 35 வயதுக்கு 197.06, ஒரு கையில் மூன்று விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. மூன்றையும் பெருக்கினால் 4,25,650 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் சேரும். அந்த 12,000 ரூபாயை மெய்ப்பிக்கக் கைகொடுத்தவை, பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதுவதற்காக என் மாமியார் பத்திரப்படுத்தியிருந்த சனிக்கிழமைச் சம்பளக் கவர்கள். பட்டறைக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில் என் பெயரும் தொகையும் அவற்றில் இருந்தன. அத்தை, உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் இது ஒன்று மட்டுமல்ல.

ஆனாலும் வழக்கு நின்றது அடுத்த மிஷினில் வேலை பார்த்த அக்காவின் வார்த்தையில்தான். தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. விபத்தன்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்து, தம் துப்பட்டாவால் என் கையை இறுகக் கட்டியவர் அவரே. நான் வேலை செய்ததை மறுக்க முடியாமல் போனதும், கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடியான சேஃப்டி கார்டை நானே கழற்றிவிட்டேன் என்று முதலாளி தரப்பு புதிதாக ஒன்றைக் கிளப்பியது. பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தால் இழப்பீடு இல்லை என்று சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் அது பொருந்தாது. என்னுடையது பகுதி ஊனம் என்பதால் அதை வைத்து என்னை முற்றாக ஒதுக்கிவிட முடிந்திருக்கும். அக்கா, இழப்பீட்டு ஆணையராக வழக்கை விசாரித்த தொழிலாளர் துணை ஆணையர் முன் நின்று, "அந்த மிஷினுக்குக் கார்டு மாட்டி நான் ஒருநாளும் பார்த்ததில்லைங்க. மாட்டினா பீஸ் குறையும்னு சொல்லுவாங்க" என்றார். குறுக்கு விசாரணையில் எப்படித் திருப்பிக் கேட்டபோதும் அவர் சொல் மாறவில்லை. அடுத்த வாரமே அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

உத்தரவு வந்த பிறகும் பணம் வரவில்லை. நில வரி பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தில் வழி இருப்பதைச் சொல்லி, மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்ப மனுப் போட்ட வழக்கறிஞருக்கும், கோப்பைத் தூங்கவிடாமல் நகர்த்திய அலுவலக ஊழியர்களுக்கும் நன்றி. வருவாய்த் துறை நோட்டீஸ் போன பின்னரே முழுத் தொகையும் ஆணையரிடம் செலுத்தப்பட்டது. மிச்சமிருக்கும் இரண்டு விரல்களால் பொருள்களைப் பிடித்துத் தூக்கப் பழக்கிய பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கும், வழக்கு முடியும்வரை வாடகைக்கு நெருக்காத வீட்டுக்கார அண்ணனுக்கும் என் வணக்கம்.

அக்கா, பணம் வந்ததும் உங்கள் பங்காக நான் நீட்டியதை நீங்கள் வாங்க மறுத்துவிட்டீர்கள். அந்தப் பட்டறை உங்களுக்குத் தராமல் வைத்திருக்கும் சம்பள பாக்கிக்காகத் தோழர் மனுத் தயாரித்துக்கொண்டிருக்கிறார். அதில் உங்கள் தரப்புச் சாட்சியாக என் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். விசாரணை எந்தத் தேதியில் இருந்தாலும் வந்துவிடுவேன்.

நன்றியுடன்,
பவர் பிரஸ் தொழிலாளி ஒருத்தி,
கணபதி, கோயம்புத்தூர்.