குடல் பத்தி எழுதுங்க, ஆனா கேப்ஸ்யூல் வாங்க ஆள் அனுப்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் தேனி பக்கம் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், உங்க பேப்பரோட பழைய வாசகன். போன வாரம் ஹெல்த் பக்கத்துல குடலும் மூளையும் பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. மறுநாள்லேருந்து அந்த கட்டிங்க மடிச்சு எடுத்துட்டு வந்து "இதுல சொல்லிருக்க நல்ல பாக்டீரியா மாத்திரை குடுங்க தம்பி"ன்னு கேக்குறாங்க. வித்தா எனக்கு லாபம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா கேக்குறவங்கள்ல பலபேருக்கு அது எதுக்குன்னே தெரியல, சிலபேர் அதுக்கும் மேல போயி, மனசு சரியில்லன்னு டாக்டர் எழுதி குடுத்த மாத்திரைய நிறுத்திட்டு இத போட்டுக்கலாமான்னு கேக்குறாங்க. அதனாலதான் இந்த லெட்டர்.

கட்டுரையில என்ன போட்டிருந்தீங்க, சந்தோஷ ஹார்மோன் செரட்டோனின்ல 90 சதவீதம் குடல்லதான் உற்பத்தி ஆகுது, அதனால குடல சரி பண்ணா மனசு சரியாயிடும்னு. முதல் பாதி சரி. ரெண்டாவது பாதிதான் இடிக்குது. குடல்ல சுரக்குற செரட்டோனின் மூளைக்குள்ள போகாது சார். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, அத தாண்டி அதால போக முடியாது, மூளை தனக்கு வேண்டியத தானேதான் தயார் பண்ணிக்குது. குடல்ல இருக்குறதுக்கு வேற வேலை, சாப்பாட்ட முன்னால தள்ளுறது, வாந்தி உணர்வ கிளப்புறது, இந்த மாதிரி. புத்துநோய்க்கு கீமோ குடுக்கும்போது வாந்திக்கு ஒண்டான்செட்ரான் எழுதுறாங்களே, அது இந்த செரட்டோனினோட சிக்னல தடுக்குற மாத்திரைதான். அப்போ குடல்ல செரட்டோனின் கூடுனா சந்தோஷமா வரும்? குமட்டல்தான் வரும்.

குடலுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்ல வரல. வேகஸ்னு ஒரு நரம்பு, வயித்துலேருந்து மூளைத்தண்டு வரைக்கும் போகுது, அதுல இருக்குற இழைல அஞ்சுல நாலு பங்கு கீழேருந்து மேல சேதி கொண்டு போறதுதான், மூளை வயித்துக்கு உத்தரவு போடுறத விட வயிறு மூளைக்கு சொல்றதுதான் ஜாஸ்தி. இந்த விஷயத்துல ஆராய்ச்சி நல்லா தெளிவா இருக்குறது பசி பத்தி. அத நீங்க ஒரு வரில முடிச்சிட்டீங்க, அதுவும் "நாக்கை அடக்க வேண்டும்"னு அறிவுரையா.

பசி நாக்குல மட்டும் இல்ல சார். வயிறு காலியா இருந்தா கிரெலின்னு ஒரு ஹார்மோன் சுரந்து மூளைய தட்டி எழுப்பும், சாப்பாடு கீழ் குடலுக்கு இறங்குனா பிஒய்ஒய், ஜிஎல்பி-1ங்குற ஹார்மோனெல்லாம் சுரந்து போதும் போதும்னு சொல்லும். நம்ம உடம்பு சுரக்குற ஜிஎல்பி-1 ரெண்டு மூணு நிமிஷத்துல சிதைஞ்சிடும். இப்ப வெயிட் குறைக்க ஊசி ஊசின்னு பேசுறாங்களே, நம்ம நாட்டுக்கு 2025 மார்ச்ல மவுன்ஜாரோ வந்துச்சு, ஜூன்ல வெகோவி வந்துச்சு, அதெல்லாம் இதே வேலைய செய்யுற மருந்துதான், ஆனா ஒரு ஊசி ஒரு வாரம் தாங்கும். போட்டுக்கிட்டவங்க நிறையபேர் சொல்றது என்னன்னா நாள் பூரா சாப்பாடு நெனப்பு ஓடிட்டே இருந்துச்சு அது நின்னுபோச்சுன்னு. அவங்களுக்கு ஒரே வாரத்துல மன உறுதி வந்துடுச்சா? சேதி மாறிடுச்சு, அவ்ளோதான். குண்டா இருக்குறவங்கள பாத்து வாயடக்கம் இல்லன்னு சொல்றவங்க இத யோசிக்கணும்.

2019ல அமெரிக்க அரசோட என்ஐஎச் ஆராய்ச்சி நிலையத்துல கெவின் ஹால்னு ஒருத்தர் 20 பேர 4 வாரம் உள்ளயே தங்க வச்சு பாத்தாரு. 2 வாரம் பாக்டரில தயாரான பாக்கெட் சாப்பாடு, 2 வாரம் சாதாரணமா சமைச்ச சாப்பாடு. ரெண்டுலயும் தட்டுல வைக்குற கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமா வச்சாங்க, வேணுங்குற அளவு சாப்பிட்டுக்கலாம், பசி அடங்குனா நிறுத்திடலாம். (பாக்கெட் சாப்பாட்டுல நார்ச்சத்து கம்மியா இருந்ததால லெமன் ஜூஸ்ல கலக்கி குடுத்து கணக்க சரிக்கட்டுனாங்களாம், அதுவே ஒரு சேதிதான்.) கடைசில பாக்கெட் சாப்பாடு சாப்பிட்டப்ப அவங்களுக்கே தெரியாம ஒரு நாளைக்கு 500 கலோரி கிட்ட அதிகமா உள்ள போச்சு, 2 வாரத்துல சுமார் 900 கிராம் ஏறுச்சு, சமைச்ச சாப்பாடு சாப்பிட்ட 2 வாரத்துல அதே அளவு இறங்குச்சு. மென்னு திங்க வேலையே இல்லாததால பாக்கெட் சாப்பாட வேகமா சாப்பிட்டாங்க, சமைச்ச சாப்பாடு சாப்பிட்டப்ப பிஒய்ஒய் கூடுச்சு, கிரெலின் குறைஞ்சுச்சு. ஒரே ஆளு, ஒரே நாக்கு. இத விட்டுட்டு கேப்ஸ்யூல் பக்கம் போனீங்களே சார், அதுதான் ஆதங்கம். அதுலயும் அந்த கட்டுரைக்கு கீழயே கால் பக்கத்துக்கு க்ரீம் பிஸ்கட் விளம்பரம்.

இப்ப அந்த நல்ல பாக்டீரியா கேப்ஸ்யூலுக்கு, அதாவது ப்ரோபயாடிக்குக்கு வர்றேன். 2020ல அமெரிக்காவுல குடல் டாக்டர்களோட சங்கமே கைட்லைன் போட்டுச்சு, குறைமாச குழந்தை மாதிரி சில இடத்துல தவிர பெரும்பாலான வயித்து வியாதிக்கு ப்ரோபயாடிக் எடுத்துக்க சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னு. இஸ்ரேல்ல வைஸ்மன் நிறுவனம் 2018ல பாத்தது இன்னும் சுவாரசியம், ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடிச்சவங்களுக்கு ப்ரோபயாடிக் குடுத்தா அவங்களோட சொந்த பாக்டீரியா திரும்பி வர்றது லேட் ஆகுதாம், ஒண்ணுமே குடுக்காதவங்களுக்கு சீக்கிரம் வந்துச்சாம். டாக்டர் காரணத்தோட எழுதுனா வாங்குங்க, பேப்பர் பாத்து வாங்காதீங்கன்னு நான் சொன்னா, வியாபாரம் தெரியாத ஆளுன்னு பாக்குறாங்க.

பழைய சோறு பத்தியும் பெருசா போட்டிருந்தீங்க, நானே அத விரும்பி சாப்பிடுறவன். ஆனா புளிச்ச உணவு ஆராய்ச்சின்னு எல்லாரும் காட்டுறது 2021ல ஸ்டான்ஃபோர்ட்ல 36 பேர வச்சு 10 வாரம் பண்ணது, குடல் பாக்டீரியா வகை கூடுச்சு, ரத்தத்துல அழற்சி காட்டுற பொருள்கள் குறைஞ்சுச்சு, எல்லாம் நெஜம், ஆனா அவங்கள்ல புளிச்ச உணவு குழுவுல இருந்த பாதிப்பேர் சாப்பிட்டது தயிர், கெஃபிர் (புளிக்க வச்ச பால்), கிம்ச்சி (புளிக்க வச்ச கொரியா காய்கறி), கொம்புச்சா (புளிக்க வச்ச டீ) மாதிரி அயிட்டங்க. நம்ம பழைய சோத்த அவங்க டெஸ்ட் பண்ணல. இட்லி மாவுல உயிரோட இருக்குற பாக்டீரியாவும் ஆவில வெந்ததும் செத்துடும், அதுக்காக இட்லி கெட்டதுன்னு ஆயிடாது, மாவு புளிக்குறதால வேற நன்மை இருக்கு.

சாப்பாடு மாத்துனா மனச்சோர்வு குறையுமான்னு ஆஸ்திரேலியாவுல பாத்திருக்காங்க, 2017ல வந்த ஸ்மைல்ஸ்ங்குற ஆய்வு, 67 பேர், 12 வாரம், சாப்பாடு மாத்துன குழுவுல மூணுல ஒருத்தர் கிட்ட தேறுனாங்க, பேசி ஆறுதல் மட்டும் குடுத்த குழுவுல 8 சதவீதம்தான். நல்ல சேதிதான், ஆனா சின்ன ஆய்வு, யாரு எந்த குழுன்னு அவங்களுக்கே தெரியும், முக்கியமா பலபேர் மாத்திரையோ கவுன்சிலிங்கோ எடுத்துக்கிட்டே சாப்பாட்டையும் மாத்துனவங்க. மாத்திரைய தூக்கி போட்டுட்டு இல்ல. இத தயவுசெஞ்சு அடுத்த வாரம் பெரிய எழுத்துல போடுங்க.

அப்புறம் நிஜமாவே வயித்துலேருந்து மூளைய தொடுற ஒரு விஷயம் எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு இருக்கு, அத யாரும் எழுதுறது இல்ல. வைட்டமின் பி12 குறைபாடு. வருஷக்கணக்கா சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறவங்களுக்கு பி12 குறையலாம், கூடவே நெஞ்செரிச்சலுக்குன்னு சீட்டே இல்லாம பான்டோப்ரசோல் வாங்கி தெனமும் முழுங்குறவங்களுக்கும் குறையலாம், ஏன்னா பான்டோப்ரசோல் வயித்து ஆசிட்ட குறைக்குற மாத்திரை, சாப்பாட்டுலேருந்து பி12ஐ பிரிச்செடுக்க அந்த ஆசிட் வேணும். முட்டை, மீன், கறி தொடாத, பாலும் சரியா குடிக்காத ஆளா இருந்தா கேக்கவே வேணாம். கை கால் மரத்துப்போகும், மறதி வரும், அசதியா இருக்கும், வயசாயிடுச்சு இல்ல சுகர்தான்னு விட்டுடுறாங்க. 2022ல பிரிட்டன் மருந்து கட்டுப்பாட்டு அமைப்பே மெட்ஃபார்மின் எடுக்குறவங்களுக்கு இந்த அறிகுறி இருந்தா பி12 டெஸ்ட் பண்ணுங்கன்னு டாக்டர்களுக்கு சொல்லிருக்கு. சாதாரண ரத்த டெஸ்ட்தான்.

இத பத்தி ஒரு நல்ல டாக்டர்கிட்ட கேட்டு அரைப்பக்கம் போட்டீங்கன்னா, அந்த கட்டிங்க எடுத்துட்டு என் கடைக்கு வராம நேரா லேபுக்கு போவாங்க, எனக்கு அதுல வருத்தம் இல்ல.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப்காரர், தேனி மாவட்டம்