அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ இங்கே விட்டுப்போன 'ஸ்பிரிங் ஃபயர்' நாவலைப் படித்து முடித்துவிட்டேன். முடிவு எரிச்சலாக இருக்கிறது, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள் அம்மா என்று எழுதியிருந்தாய். நான் போட மாட்டேன்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. அப்பாவின் பணத்துக்காகவே கல்லூரி மாணவியர் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட மிட்ச், தன் மனசு போன வழியில் அதே சங்கத்து லீடாவை நேசிக்கிறாள். லீடாவுக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. பையன்களோடும் வெளியே போ என்று மிட்சை அவள் வற்புறுத்தும் இடங்களில் எனக்கு நெஞ்சு அடைத்தது. கடைசியில் லீடா மனநல மருத்துவமனையில். நான் அவளை நேசிக்கவே இல்லை என்று மிட்ச் முடிவுகட்டிக்கொள்கிறாள். இருநூறு பக்கம் பார்த்த மிட்ச் அப்படிச் சொல்லக்கூடியவளா? இல்லை.

அது மிட்சின் பேச்சும் இல்லை, எழுதியவரின் மனசும் இல்லை. வின் பேக்கர் என்ற புனைபெயரில் 1952இல் இதை எழுதிய மரிஜேன் மீக்கருக்கு அப்போது வயது 25. அவரும் பெண்களை நேசித்தவர்தான். இந்தப் பெண்கள் சந்தோஷமாக வாழ்ந்தார்கள் என்று முடிக்கக் கூடாது என்பது புத்தகத்தை வெளியிட்ட கோல்டு மெடல் பதிப்பகத்தின் ஆசிரியர் டிக் கேரல் போட்ட நிபந்தனை. ஆபாசம் என்று சொல்லி அமெரிக்கத் தபால் துறை புத்தகக் கட்டுகளை நிறுத்திவிடலாம் என்ற பயம் அவருக்கு. வீண் பயம் என்று சொல்ல முடியாது. மலிவுப் பதிப்புகளை விசாரிக்க அமெரிக்க நாடாளுமன்றம் குழு போட்டதும் அதே 1952இல்தான்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 25 சென்ட்டுக்கு விற்ற அந்தப் புத்தகம் பத்து லட்சம் பிரதிக்கு மேல் போயிருக்கிறது. பெண்கள் பலர் மீக்கருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்பதே தெரியாத ஊர்களில் அதை வாங்கிப் படித்தவர்களுக்கு அந்த ஒரு பக்கம் மட்டுமா மனசில் நின்றிருக்கும்? மீக்கருக்கே அந்த முடிவு பிடிக்கவில்லை. மறுபதிப்புக்கு வெகுகாலம் சம்மதிக்காமல் இருந்து, 2004இல்தான் தானே முன்னுரை எழுதி வெளியிட்டார். நீ முன்னுரையைத் தாண்டிப் போயிருப்பாய் என்று நினைக்கிறேன். முதலில் அதைப் படி.

அப்புறம், அதே 1952இல் பட்ரீஷியா ஹைஸ்மித் வேறு பெயரில் எழுதிய 'த பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலையும் தேடிப் படி. அதில் காதலிக்கும் பெண்கள் இருவருக்கும் கடைசியில் நம்பிக்கை மிஞ்சுகிறது. நீங்கள் இருவரும் சேர்ந்தே படியுங்கள்.

உன் அத்தை இந்தப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறாள். உன்னைப் பற்றி அவளிடம் நான் சொல்லட்டுமா, நீயே சொல்கிறாயா? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல். அதுவரை கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா